எல்லோரும் தேறிவிட்ட பரீட்சை

முப்பத்தொரு பிள்ளைகள் வரிசையாக வந்து, முப்பத்தொரு பேரும் ஒரு தப்புகூட இல்லாமல் பதில் சொன்னால் ஒரு டீச்சர் துள்ளிக் குதிப்பார். சோடாவின் அம்மா டீச்சர் இல்லை. கண் பரிசோதனை செய்கிறவர். அதனால் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இருங்கள், அவசரப்பட்டு நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். முதலில் சோடா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சோடாவுக்குப் பத்து வயது. மூக்கின் மேல் தடிமனான கண்ணாடி. அதைப் பார்த்து அவள் அண்ணன் ஒருநாள் ‘சோடாபுட்டி’ என்று கூப்பிட்டான். அவள் அழுது பார்த்தாள். முறைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு பாதி தேய்ந்து ‘சோடா’ ஆனது. இப்போது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அம்மாவின் வேலைக்காக அவர்கள் குடும்பம் கடல் தாண்டி அந்த நகரத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வார நாட்களில் அம்மாவுக்கு ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும், கடைப் பக்கமே வர முடியாத பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அவரே போய் இலவசமாகக் கண் பார்ப்பார். யாருக்குக் கண்ணாடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு வாரத்தில் கண்ணாடி வந்துவிடும்.

அம்மாவுக்கு உதவியாக எப்போதும் அண்ணன்தான் போவான். அந்தச் சனிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல்.

“நான் வரேம்மா” என்றாள் சோடா.

“அங்க வந்து தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்கக் கூடாது.”

“பேசவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனாள்.

தெருமுனையிலேயே வேன் நின்றுவிட்டது. அதற்கு மேல் வேன் போகாது, அவ்வளவு குறுகல். “பன்னெண்டு மணிக்கு இங்க இருக்கணும். அடுத்த இடத்துல காத்திருப்பாங்க” என்றார் டிரைவர்.

சோடா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் ஐந்து மாடி, ஆறு மாடி. வீட்டின் மேல் வீடு, அதன் மேல் தகரக் கொட்டகை, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. இந்தப் பக்கத்து ஜன்னலில் காய்ந்த சட்டையின் கை அந்தப் பக்கத்து ஜன்னலுக்குள் போய் எட்டிப் பார்த்தது. வானம் ஒரு ரிப்பன் அகலம்தான் தெரிந்தது. இத்தனை பேரும் இதற்குள் எப்படி இருக்கிறார்கள் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

“வாயை மூடிக்கிட்டு நட, ஈ போயிடும்” என்றார் அம்மா.

அவர்களுக்குக் கிடைத்த அறை மூன்றாவது மாடியில் இருந்தது. அது ஒரு தையல்கார அம்மாவின் அறை. அவர் தையல் மெஷின்களைச் சுவரோரமாகத் தள்ளி வைத்து, வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளைக் கூட்டி மூட்டையாகக் கட்டி, இடம் செய்து கொடுத்திருந்தார். அம்மா அவருடைய அளவு நாடாவையே வாங்கி, சுவரிலிருந்து இருபது அடி அளந்தார். சுவருக்குச் சுவர் சரியாக இருபத்துநான்கு அடி. “தப்பிச்சோம்” என்று சொல்லி, தையல் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார்.

கோட்டில் பிள்ளை நிற்க வேண்டும். எதிர்ச்சுவரில் அட்டை. அட்டையில் எழுத்து கிடையாது. மூன்று பல் உள்ள சீப்பு போல ஒரே படம்தான். மேலே ஒரு பெரிய சீப்பு. கீழே போகப் போகச் சின்னச் சின்னதாக, வரிசை வரிசையாகச் சீப்புகள். ஒன்றின் பல் வலப் பக்கம் இருக்கும், ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே. பல் எந்தப் பக்கம் என்று கையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். படிக்கத் தெரியாத பிள்ளைகூடச் சொல்லிவிடலாம்.

சோடாவுக்கு ஒரு குச்சி கொடுத்தார்கள். அவள் வேலை, ஒவ்வொரு சீப்பாக வரிசையாகத் தொட்டுக் காட்டுவது.

அங்கே அவர்கள் பேசியதெல்லாம் அந்த ஊர்ப் பேச்சு. சோடாவுக்கு அது பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டது. அம்மா பேசினால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் உங்களுக்குத் தமிழில்தான் சொல்லப் போகிறேன். இல்லையென்றால் எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

முதல் பையன் வந்தான். சோடா குச்சியை வைத்தாள். வலது, கீழ், இடது என்று அவன் கை பறந்தது. கடைசி வரிசை வரைக்கும் தப்பே இல்லை.

“நல்ல கண்ணு” என்று அம்மா எழுதிக்கொண்டார்.

இரண்டாவது பெண்ணும் சரி. மூன்றாவதும் சரி. பத்தாவது ஆள் வந்தபோது அம்மா பேனாவால் காதைச் சொறிந்தார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. வழக்கமா பத்துப் பேருல ரெண்டு பேராவது தடுமாறுவாங்க. இங்க எல்லாரும் கழுகுக் குஞ்சா இருக்காங்களே.”

மணி பத்து ஆனது. திடீரென்று வரிசை கலைந்தது. “நேரம் ஆச்சு, நேரம் ஆச்சு” என்று பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

முன்னால் ஓடியவள் ஒரு ரெட்டைச்சடைக்காரி. சோடா வயதுதான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கே அவள்தான் தலைவி என்பது வந்ததுமே தெரிந்துவிட்டது. யார் எப்போது வரிசையில் போவது, யார் மூக்கைத் துடைத்துக்கொள்வது, எல்லாம் அவள் சொல்படிதான். அவள் பின்னாலேயே எப்போதும் ஓர் ஏழு வயதுத் தம்பி ஒட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் அவனை ‘வாலு’ என்றார்கள். பொருத்தமான பெயர்தான்.

“என்ன அங்க?” என்று கேட்டாள் சோடா.

“எங்க அப்பா” என்றான் வாலு. “அந்தக் கட்டடத்துல கண்ணாடி துடைக்கிறாரு. கயித்துல தொங்கிக்கிட்டு. பத்து மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் எங்களுக்குத் துணி ஆட்டுவாரு. சிவப்புத் துணி.”

சோடா பார்த்தாள். தகரக் கூரைகளுக்கு அப்பால், இரண்டு தெரு தள்ளி, இரண்டு உயரமான கட்டடங்கள் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. வலப் பக்கத்துக் கட்டடத்தின் பாதி உயரத்தில், எறும்பு அளவுக்கு ஒரு மனிதர். அவர் கையில் சிவப்பாக ஏதோ ஆடியது. அவ்வளவு உயரத்தில், ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஒரு கையை விட்டுவிட்டுத் துணி ஆட்டுகிறாரா? சோடாவின் உள்ளங்கால் கூசியது.

ரெட்டைச்சடை இரண்டு கைகளையும் தூக்கி வேகவேகமாக ஆட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

ஆனால் அவள் இடப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வாலு அக்காவின் தோளைப் பிடித்து மெதுவாக வலப் பக்கம் திருப்பிவிட்டான். அவளும் நிறுத்தாமல் ஆட்டினாள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சோடா கவனித்தாள். ஏனென்றால் கண்ணாடி போடுவதற்கு முன்னால் அவளும் அப்படித்தான் இருந்தாள். ஒருமுறை கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு மாமாவின் கையை அப்பா என்று பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் கதை சொல்லிக்கொண்டே நடந்தவள் அவள். அந்த மாமாவும் பாவம், நல்லவர், “ம்” கொட்டிக்கொண்டே வந்தார்.

பிள்ளைகள் மறுபடி வரிசையில் நின்றார்கள். ரெட்டைச்சடையின் முறை வந்தது. சோடா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வலது, கீழ், இடது. கடைசி வரிசை வரை எல்லாம் சரி. அம்மாவுக்கே கண்ணருகே வைத்தால்தான் தெரியும் என்ற அந்தக் குட்டிக் குட்டிச் சீப்புகளையும் அவள் மளமளவென்று சொல்லி முடித்தாள்.

“நல்ல கண்ணு” என்று எழுதினார் அம்மா.

கட்டடமே தெரியாதவளுக்குக் கடுகு எப்படித் தெரிந்தது?

பதினொரு மணிக்குச் சற்று முன்னால் முப்பத்தொன்றாவது பிள்ளையும் தேறிவிட்டது. அப்போதுதான் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டது. “ஒருத்தருக்குக்கூடக் கண்ணாடி வேண்டாமாம். எனக்கு நம்பிக்கையே வரல. ஆனா எதை வெச்சு எழுதறது? சரி, பெட்டியைக் கட்டு. சீக்கிரமே போயிடலாம்.”

“இந்த இடத்துக்கு மறுபடி எப்பம்மா வருவோம்?”

“அடுத்த வருஷம்.”

இன்னும் ஒரு வருடம் அந்தப் பெண் தப்பான கட்டடத்துக்குக் கையை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் படிக்கட்டுக்குப் போனாள். படியில் சின்னப் பிள்ளைகள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து கை தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு தட்டு. வலப் பக்கம் ஒன்று, மறுபடி வலப் பக்கம் ஒன்று. முழங்காலில் ஒன்று. இடப் பக்கம். தலைக்கு மேல்.

நல்ல விளையாட்டு என்று சோடா ஒரு படி இறங்கினாள். இரண்டாவது படியில் கால் அப்படியே நின்றுவிட்டது.

மேல், வலது, வலது, கீழ், இடது, மேல். இது அட்டையின் கடைசி வரிசை. காலையிலிருந்து முப்பத்தொரு தடவை குச்சி வைத்தவளுக்குத் தெரியாதா?

“யாரு சொல்லிக் கொடுத்தாங்க இதை?” என்றாள்.

பிள்ளைகள் இருவரும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். “நான்தான்” என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

ரெட்டைச்சடை கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தாள். பக்கத்தில் வாலு.

“காலையில நீங்க அட்டை மாட்டும்போதே இவன் கதவு இடுக்குல பார்த்து எனக்குச் சொன்னான். ஒரு தடவைதான் சொன்னான். நான் அதைக் கை தட்டா மாத்தி எல்லாருக்கும் கத்துக் கொடுத்துட்டேன். மறந்து போறவங்களுக்குப் பின்னால நிக்கறவங்க முதுகுல தொட்டுக் காட்டணும். வலது தோளு, இடது தோளு, தலைன்னா மேல, இடுப்புன்னா கீழ.”

ஒரே ஒரு தடவை காதால் கேட்டு, அட்டை முழுவதையும் மனதில் ஏற்றி, அதை விளையாட்டாக்கி, அரை மணி நேரத்தில் முப்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். சோடாவுக்கு ஏழாம் வாய்ப்பாடு வர மூன்று மாதம் ஆனது.

“எதுக்கு இப்படிப் பண்ணீங்க?”

ரெட்டைச்சடையின் முகம் மாறியது. “போன வருஷம் உங்கள மாதிரியே வேற சில பேர் வந்தாங்க. படகுல சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாங்க. கேள்வி கேட்டாங்க. பதில் சொன்னவங்களை மட்டும் ஏத்திக்கிட்டாங்க, இடம் இல்லையாம். ஒன்பது பேரை விட்டுட்டாங்க. அதுல இவனும் ஒருத்தன். நாள் முழுக்க இந்தப் படியிலயே உட்கார்ந்திருந்தான்.”

“நான் ஒண்ணும் அழல” என்றான் வாலு.

“நீ அழுதேன்னு நான் சொல்லலையே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். யார் வந்து என்ன பரீட்சை வெச்சாலும் எல்லாரும் தேறணும். யாரையும் விடக் கூடாது. போ, போய் உங்கம்மா கிட்ட சொல்லிக் கொடு.”

சோடாவுக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. இது பரீட்சை இல்லையே! இதில் தேறினால்தான் ஒன்றும் கிடைக்காது. அதைச் சொன்னால் இவர்கள் நம்புவார்களா? போன வருடம் வந்தவர்களும் சிரித்த முகத்தோடுதான் வந்திருப்பார்கள்.

“உனக்கு அந்தச் சிவப்புத் துணி தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

ரெட்டைச்சடை தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

“இவங்களுக்கெல்லாம் ரொம்ப நல்ல கண்ணு. எனக்குச் சாதாரணக் கண்ணு, அவ்வளவுதான். ஒரு சமயம் நெனப்பேன், அப்பா ஆட்டவே மாட்டாரு, என்னைச் சந்தோஷப்படுத்தறதுக்கு இவன் சும்மா சொல்றான்னு.”

“சும்மா இல்ல” என்றான் வாலு.

“இருந்தாலும் நான் தினமும் ஆட்டிடுவேன். ஒருவேளை நிஜமாவே ஆட்டிக்கிட்டிருந்தா, அப்பா பாவம்ல?”

அதற்கு மேல் சோடாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஓடிப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? வேண்டாம், சொல்லவே வேண்டாம், குச்சியை வரிசை மாற்றி வைத்தால் போதும். அத்தனை பேரும் கையும் களவுமாக மாட்டிக்கொள்வார்கள். ஆனால் அதோடு சரி. இந்தப் பெண் அதற்கப்புறம் யாருக்கும் கதவைத் திறக்க மாட்டாள்.

அறைக்குள் அம்மா அட்டையின் ஒரு முனையைக் கழற்றிவிட்டார்.

“அம்மா, கழற்றாதே. இன்னும் ஒருத்தர் பாக்கி.”

“யாரு?”

“நான்.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்குப் போன மாசம்தானே பார்த்தேன்?”

“இப்ப பாரும்மா. எல்லார் முன்னாடியும். இந்த ஊர்ப் பேச்சுல கேளு. நீயே குச்சி வை.”

தன் மகள் எப்போது விளையாடுகிறாள், எப்போது விளையாடவில்லை என்று அம்மாக்களுக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்காமல் முனையை மறுபடி ஒட்டினார்.

சோடா கோட்டில் போய் நின்றாள். பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். உடனே அறை கரைந்துபோனது. தையல்கார அம்மா ஒரு நீலப் பட்டை. ஜன்னல் ஒரு வெளிச்சம். அட்டை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

“முதல் சீப்பு. பல் எந்தப் பக்கம்?”

“தெரியல” என்றாள் சோடா.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. முதல் சீப்பு எல்லாவற்றிலும் பெரியது. அதுகூடத் தெரியவில்லை என்றால்?

“ரெண்டாவது வரிசை?”

“தெரியல.”

அப்போது அவள் முதுகில் ஏதோ பட்டது. ஒரு சின்ன விரல். அது அவள் இடுப்பைத் தொட்டது. பிறகு இடது தோளைத் தொட்டது.

வாலு. சுவரில் எதையோ பார்க்கிறவன் போலப் பின்னால் வந்து நின்றிருந்தான்.

சோடா பேசாமல் நின்றாள். விரல் பொறுமையிழந்து இன்னும் அழுத்தமாகத் தொட்டது. இடுப்பு, இடது தோள். பக்கத்தில் யாரோ மெல்லக் கை தட்ட ஆரம்பித்தார்கள். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் பூப்போலத் தட்டுகள் கேட்டன. அத்தனை பேரும் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று காலைதான் அவளைப் பார்த்தார்கள். அவள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவளை விட்டுவிடக் கூடாதாம்.

சோடாவின் கண்ணாடி இல்லாத கண்ணில் தண்ணீர் வேறு நிறைந்து, இருந்த வெளிச்சமும் போனது.

அம்மாவின் கையில் குச்சி அசையவில்லை. அவர் வாலுவைப் பார்த்தார். தட்டுகிற கைகளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அவர் திட்டவில்லை, மகளைத்தான் பார்த்தார்.

“சொல்லு கண்ணு. காலையிலேருந்து குச்சி வெச்சவ நீ. உனக்கு மனப்பாடமா இருக்குமே.”

“வரிசை மனப்பாடம்தாம்மா” என்றாள் சோடா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “கேட்டா கடகடன்னு சொல்லிடுவேன். ஆனா சீப்பு தெரியல. எனக்கு அட்டையே தெரியல. சொல்லிட்டா நீ ‘நல்ல கண்ணு’ன்னு எழுதிடுவே. அப்புறம் நான் கண்டவங்க கையெல்லாம் அப்பான்னு பிடிச்சுக்கிட்டுப் போகணும்.”

தட்டுகள் நின்றுவிட்டன.

“அப்ப நீ தேறல” என்றான் வாலு. அவன் குரலில் கவலை இருந்தது. “உன்னை விட்டுடுவாங்களா?”

அம்மா நடந்து வந்தார். சோடாவின் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். தன் முந்தானையால் துடைத்து, அவள் மூக்கின் மேல் மாட்டிவிட்டார். “தேறாதவங்களுக்குத்தான் இது” என்று தப்பும் தவறுமான அந்த ஊர்ப் பேச்சில் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“இப்ப கேளும்மா” என்றாள் சோடா. அவள் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை வரை சொன்னாள். கடைசி வரிசை கண்ணாடி போட்டும் தெரியவில்லை. “தெரியல” என்று அதையும் சொன்னாள்.

அறையில் எல்லோரும் ரெட்டைச்சடையைப் பார்த்தார்கள். அவள் சடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு வந்து கோட்டில் நின்றாள். சோடா அம்மாவிடமிருந்து குச்சியை வாங்கிக்கொண்டாள்.

“வரிசையா வெக்காதே” என்றாள் சோடாவிடம். “இஷ்டத்துக்கு வை.”

சோடா இரண்டாவது வரிசையில் குச்சி வைத்தாள்.

“தெரியல.”

பெரிய சீப்பில் வைத்தாள்.

ரெட்டைச்சடை கண்ணை இடுக்கினாள். கழுத்தை நீட்டினாள். வாலு தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்து இறுக்கிக்கொண்டான், இல்லாவிட்டால் அவை தாமாகவே போய்த் தொட்டுவிடும் போலிருந்தது.

“அதுவும் தெரியல” என்றாள் அவள்.

அவள் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு பையன் வந்தான். பிறகு சகோதரிகள் இருவர். ஒரு குட்டிப் பெண்ணை அவள் தோழியே கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள். “இவளுக்குப் பக்கத்துல வர்ற சைக்கிள்கூடத் தெரியாது, நான்தான் பிடிச்சு நிறுத்துவேன்” என்றாள். அதன் பிறகு இன்னும் இருவர். அம்மாவின் பட்டியலில் மொத்தம் ஏழு பெயர்கள் ஏறின. குச்சி ஓயவே இல்லை.

ஏழு பேரையும் பார்த்து முடித்துவிட்டு, அம்மா ரெட்டைச்சடையை மறுபடி கூப்பிட்டு முக்காலியில் உட்கார வைத்தார். பெட்டியிலிருந்து அந்த இரும்புச் சட்டத்தை எடுத்தார். கண்ணாடிக் கடையில் பார்த்திருப்பீர்கள், வட்டமாக, கனமாக இருக்கும், வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகலாம். அதை மாட்டியதும் அவளைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அம்மா ஒரு வில்லையைச் செருகி, எடுத்து, வேறொன்றைச் செருகினார். “இது தெளிவா, அது தெளிவா?”

“இது. இல்ல, அது.”

இன்னொரு வில்லை.

அவள் முதலில் தன் தம்பியைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“என்ன?” என்றான் அவன்.

“உன் மூக்குல மச்சம் இருக்கு.”

“அது எப்பவும் இருக்கு.”

“யாருமே சொல்லலையே” என்றாள் அவள்.

கீழே வேன் ஹாரன் அடித்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு டிரைவரே மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். “மணி பன்னெண்டு ஆச்சு, என்னம்மா நீங்க...” என்று ஆரம்பித்தார்.

“பன்னெண்டா?” என்றான் வாலு.

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ரெட்டைச்சடை மட்டும் ஓடவில்லை. இரும்புச் சட்டம் விழுந்துவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து நடந்து போனாள். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

சோடா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

கூரைகள். கூரைகளின் மேல் உலர்ந்த துணிகள். அதற்கப்பால் இரண்டு கட்டடங்கள். ரெட்டைச்சடையின் தலை மெல்ல இடப் பக்கம் போனது. வாலு பழக்கத்தில் அவள் தோளை நோக்கிக் கையை நீட்டினான்.

தொட வேண்டியிருக்கவில்லை. அவள் தலை தானாகவே வலப் பக்கம் திரும்பி, மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்றது. வாலு நீட்டிய கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அங்கே, அத்தனை உயரத்தில், கண்ணாடிச் சுவரின் நடுவில், கயிற்றில் ஒரு மனிதர் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் துணியைச் சும்மா ஆட்டவில்லை. கை முழுவதையும் வீசி, உடம்பே ஊஞ்சலாட, பெரிய பெரிய வட்டமாக ஆட்டினார். கண் தெரியாத பிள்ளைக்கும் எப்படியாவது தெரிந்துவிட வேண்டும் என்கிற மாதிரி ஆட்டினார்.

“நிஜமாவே ஆட்டறாரு” என்றாள் ரெட்டைச்சடை.

“நான்தான் சொன்னேனே” என்றான் வாலு.

சோடாவுக்கே அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கண்ணாடி போட்டது போல இருந்தது. அம்மா அவள் தோளில் கையை வைத்தார். அவசரப்படுத்த வந்த டிரைவரும் ஜன்னலோரம் நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீயும் ஆட்டு” என்று வாலு அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். “அப்பா காத்துக்கிட்டிருக்காரு.”

“நீ ஆட்டுடா” என்றாள் ரெட்டைச்சடை, கண்ணை எடுக்காமல். “நான் இத்தனை நாளா ஆட்டிட்டேன். இன்னிக்கு நான் பார்க்கிறேன்.”